சாமி குடித்தது, அண்ணன் ஊதியது

என் அண்ணனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை வக்கீலாகச் சொல்கிறேனா, தங்கையாகச் சொல்கிறேனா என்று கேட்காதீர்கள். இரண்டு பேருமே சேர்ந்துதான் சொல்கிறோம். கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் ஒதுங்குகிற கூட்டத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. பீடி இல்லை, புகையிலை இல்லை. அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். திருமானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவார், சாயங்காலம் அவரவர் வாசலில் இறக்கி விடுவார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கண்மண் தெரியாமல் வருகிற ரோட்டில் அவர் வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. எந்தப் பிள்ளைக்கு வண்டியில் குமட்டும், எது ஏறியதும் தூங்கும், எந்த வீட்டில் அம்மா தலைபின்னி முடிக்கத் தாமதமாகும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த டிரைவர் சீட்டை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பும் தெரியாது, வேறு பெருமையும் கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒரு திங்கட்கிழமை காலை, வேன் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடிபட்டார்.

அன்றைக்குப் பள்ளிக்கூட வண்டிகளை எல்லாம் நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். எஸ்.ஐ. ஊதிப் பார்க்கிற கருவியை நீட்டியதும் அண்ணன் சிரித்துக்கொண்டே, "எத்தன தடவ வேணும்னாலும் ஊதுறேன் சார்" என்றாராம். ஊதினார். எண் ஏறியது. கருவி கோளாறு என்று சொல்லி, அவரே கேட்டு, இன்னொரு தடவை ஊதினார். மறுபடியும் ஏறியது. எஸ்.ஐ. நல்ல மனிதர்தான். "ஐயா, வயசுல பெரியவரா இருக்கீங்க. கோர்ட்டுக்கு வந்து ஒத்துக்கிட்டு, ஃபைன கட்டிட்டுப் போங்க" என்றிருக்கிறார். அத்தோடு விட்டிருக்கலாம். என் அண்ணன் விடவில்லை. "ரத்தம் எடுங்க சார். என் ஒடம்புல ஒரு சொட்டு சாராயம் இருந்தா என்னை என்ன வேணா பண்ணுங்க" என்று ரோட்டில் நின்று கத்தியிருக்கிறார். ரத்தப் பரிசோதனை கேட்பது அவர் உரிமை. அந்த உரிமையை அவர் கேட்டு வாங்கினார். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக, ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்துபோய்க் கையை நீட்டினார்.

இத்தனை வருட பிராக்டிஸில் ரத்தம் எடுக்கச் சொல்லி அடம்பிடித்த கட்சிக்காரரை நான் பார்த்ததேயில்லை. பெரம்பலூர் கோர்ட்டில் பலபேருக்கு வாதாடியிருக்கிறேன். குடித்தவன் பம்முவான், ஓடுவான், காலில் விழுவான். குடிக்காதவன்தான் ரத்தம் எடு என்பான். எஸ்.ஐ.க்கே குழப்பமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்.

எனக்குக் குழப்பமில்லை. போன் வந்தபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏனென்றால் முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கேதான் இருந்தேன்.

எங்கள் குலசாமி கொள்ளிடக் கரையில் பனைமரங்களுக்கு நடுவே இருக்கிற முனி. கோபுரமோ கூரையோ கிடையாது. நட்டுவைத்த கல்லும் அரிவாளும்தான். வருடத்துக்கு ஒரு படையல். அப்பாவுக்குப் பிறகு முனி அண்ணன்மேல்தான் இறங்குகிறது. சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கிடாயும் கொண்டுவருவார்கள், சாராய பாட்டிலும் கொண்டுவருவார்கள். மகனுக்கு வேலை கிடைத்தவர் ஒரு பாட்டில், போர்வெல்லில் தண்ணீர் வந்தவர் ஒரு பாட்டில். உடுக்கை ஏறியதும் அண்ணன் உடம்பு விறைக்கும், கண் மேலே செருகும், குரல் மாறும். நீட்டுகிற பாட்டிலை எல்லாம் வாங்கி, தண்ணீர் குடிப்பதுபோல் குடிப்பார். எந்த பாட்டிலையும் ஒதுக்கக் கூடாது. ஒதுக்கினால் அந்த வீட்டு வேண்டுதலைச் சாமி ஏற்கவில்லை என்று அர்த்தம். கொண்டுவந்தவர் அழுதுவிடுவார்.

எங்கள் பங்காளிகளில் ஒருவர்கூட அதை 'அவர் குடித்தார்' என்று சொல்லமாட்டார்கள். சாமி குடித்தது, அவ்வளவுதான். சாமி மலையேறிய பிறகு அண்ணன் துவண்டு விழுவார். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, எலுமிச்சம்பழத்தை வாயில் பிழிந்து, அண்ணி மடியில் கிடத்திக்கொள்வாள். எழுந்ததும் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மறுநாள் தலை வலிக்கும், கண் சிவந்திருக்கும், கை கால் சொன்னபடி கேட்காது. அதற்கு எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு, அருள் அசதி. அந்தக் காலத்தில் படையல் வெள்ளிக்கிழமை. இப்போது திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பங்காளிகளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அதனால் படையலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்கள். மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் உண்டு என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அருள் அசதியோடு அண்ணன் குளித்தார், நெற்றி நிறையத் திருநீறு பூசினார், வேனை எடுத்தார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அனுமதித்த அளவைவிட நன்றாகவே அதிகம். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் வேறு டிரைவர் போட்டது. திருமானூர் கடைத்தெருவில் ஒரு தகப்பன் அண்ணனை நிறுத்தி, "உன்ன நம்பித்தானய்யா புள்ளைய ஏத்தினோம்" என்று கேட்டதிலிருந்து அவர் வெளியே கிளம்புவதையே விட்டுவிட்டார்.

அரியலூர் கோர்ட்டில் அந்த மாதிரி வழக்குகள் எப்படி நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். பெயர் கூப்பிடுவார்கள், மாஜிஸ்திரேட் கேட்பார், "ஆமாங்க ஐயா, தெரியாம பண்ணிட்டேன்" என்று சொல்ல வேண்டும், அபராதம் கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம். வாய்தா நாளில் வரிசையாக நின்றவர்கள் எல்லாரும் 'ஆமாங்க ஐயா' பாடிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் முறை வந்தது.

"இல்லீங்க ஐயா" என்றார்.

மாஜிஸ்திரேட் தலைநிமிர்ந்து பார்த்தார். வரிசையே திரும்பிப் பார்த்தது.

அதற்கு முன்பு வராந்தாவில் வைத்து நான் எவ்வளவோ சொல்லியிருந்தேன். "அண்ணே, ஒத்துக்கிட்டா லைசென்ஸ் கொஞ்ச மாசம் நிக்கும். அப்புறம் வேற எங்கயாவது வண்டி ஓட்டலாம்" என்றேன்.

"குடிச்சேன்னு என் வாயால சொல்லணுமா பாப்பா?"

"அது ஒரு சடங்குண்ணே. எல்லாரும் சொல்றதுதான்."

"நான் குடிச்சேன்னு சொன்னா, அன்னிக்கு ஆடினது சாமி இல்லன்னு ஆயிடும்ல? புள்ளைங்கள வச்சிக்கிட்டு குடிச்சிட்டு ஓட்டினவன்னும் ஆயிடும். ரெண்டையும் இழந்துட்டு நான் எதுக்கு உசுரோட இருக்கணும்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாமி குடித்தால் ரத்தத்தில் ஏறாது என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை. எப்போதும் சவரம் செய்து பளிச்சென்று இருக்கிற மனிதர், தாடியோடு வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். அண்ணி பக்கத்துக் கரும்புக் கொல்லைக்குக் களை வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அன்றைக்கு நான் முடிவு செய்தேன். அவர் வாயால் எதையும் சொல்ல வேண்டாம், அரசாங்கம் நிரூபிக்கட்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவன் தான் நல்லவன் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவன் கெட்டவன் என்று அரசாங்கம்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் ஒழுங்காக நிரூபிக்க வேண்டும். மற்றவர்கள் முனியை நம்புகிற மாதிரி நான் இதை நம்புகிறேன். இந்த விதி இல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரன் ஒருவன்கூட ஸ்டேஷனிலிருந்து முழுசாக வெளியே வரமாட்டான். அண்ணனுக்காக நான் செய்ததை முன்பின் தெரியாத எவனுக்காகவும் செய்திருப்பேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

ஊதிய கருவியைச் சரிபார்த்த சான்று எங்கே என்று கேட்டேன். எஸ்.ஐ. தேடிப் பார்ப்பதாகச் சொன்னார். அது கடைசிவரை வரவில்லை. மிச்சம் இருந்தது ரத்தம். ரத்தம் எடுத்த டாக்டர் இளைஞர். சாட்சிக் கூண்டில் ஏறும்போதே வியர்த்திருந்தது.

"ஊசி போடுறதுக்கு முன்னாடி தோலை எதுல தொடச்சீங்க?" என்று கேட்டேன்.

"பஞ்சுல."

"வெறும் பஞ்சா?"

"ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சு."

"ஸ்பிரிட்ல என்ன இருக்கு டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார், அரசு வக்கீலைப் பார்த்தார். "ஆல்கஹால்" என்றார்.

"சாராயம் இருக்கான்னு பாக்க எடுக்குற ரத்தத்துக்கு, சாராயத்தால தொடைக்கக் கூடாதுன்னு உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பாங்க இல்லையா?"

டாக்டர் மெல்லத் தலையாட்டினார். ரத்தத்தைக் கெடாமல் வைக்கிற மருந்து ரத்தம் பிடித்த குப்பியில் போடப்பட்டதா என்று அடுத்ததாகக் கேட்டேன். ஞாபகமில்லை என்றார். அவ்வளவுதான், வழக்கு கையில் வந்துவிட்டது. ஒரு வக்கீலுக்கு வாழ்க்கையில் இந்த மாதிரி நிமிடம் சில முறைதான் வாய்க்கும். நான் பெருமையோடு திரும்பினேன். கூண்டில் நின்ற அண்ணன் முகம் விளக்கேற்றிய மாதிரி இருந்தது. சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது வேறு. அத்தனை மாதமாக அவருக்குப் புரியாமல் இருந்த ஒன்று அந்த நொடியில் புரிந்துவிட்டிருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பஞ்சுலேர்ந்து வந்துருக்கு பாப்பா! நான் ராத்திரியெல்லாம் முழிச்சிக் கெடந்து யோசிச்சேன். சாமி குடிச்சது எப்படி என் ரத்தத்துல வரும்னு. பஞ்சுலேர்ந்துல்ல வந்துருக்கு!"

பஞ்சிலிருந்து அவ்வளவு வராது. கோர்ட்டில் சந்தேகத்தைக் கிளப்பத்தான் அது போதும். அத்தனை பாட்டில்களும் அவர் தொண்டைக்குள் இறங்கியதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அப்போதே சொல்லியிருப்பேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை, மாஜிஸ்திரேட் முன்னால் அவர் இன்னொரு முறை நிற்க வேண்டும், உடைந்துபோய் எதையாவது உளறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன். மாஜிஸ்திரேட் கேட்டபோது, "நான் குடிக்கலீங்க ஐயா, நான் ஏத்திட்டுப் போற புள்ளைங்க மேல சத்தியம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. தீர்ப்பு நகலை வாங்கி அண்ணன் லேமினேஷன் போட்டார். லைசென்ஸும் திரும்பி வந்தது. தீர்ப்பைப் பள்ளிக்கூடத்தில் காட்டினார். தாளாளர் படித்துப் பார்த்துவிட்டு, பெற்றோர்களும் கேட்டுக்கொண்டதால், வேலையைத் திருப்பிக் கொடுத்தார். திரும்ப வேன் எடுத்த அன்றைக்குப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்களாம். அண்ணி எனக்குப் போன் செய்து அழுதாள். நானும் அழுதேன். பொய் சொல்வானேன், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. படையல் நாள் நெருங்கும்வரை இருந்தது.

"இந்த வருசம் பெரிய படையல் பாப்பா. முனி மானத்தக் காப்பாத்திட்டாரு. பங்காளிங்க எல்லாரும் ஆளுக்கொரு பாட்டில் நேந்துக்கிட்டிருக்காங்க, எனக்கு விடுதல ஆகணும்னு" என்று போனில் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஆகிவிட்டது. போன வருடம் வந்ததைவிட அதிகம் பாட்டில், அதுவும் என்னால்.

மறுநாளே பஸ் பிடித்துப் போனேன். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், செய்வியா? படையலுக்கு மறுநாள் லீவு போட்டுடு."

"ஏன்?"

"அருள் அசதி இருக்கும்ல. ஒரு நாள் ஓய்வெடுக்கட்டுமேன்னுதான்."

அவர் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கு நான் லீவு போட்டா என்ன நெனப்பாங்க? நேத்துக் குடிச்சான், அதான் இன்னிக்கு வரலன்னு நெனைக்க மாட்டாங்க? வக்கீலு நீ, ஒனக்குத் தெரியாதா? லீவு போட்டா ஒத்துக்கிட்ட மாதிரி."

நான் எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவள். வேறு வழியில் மடக்கப் பார்த்தேன். படையலைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம் என்றேன். பங்காளிகளுக்கு லீவு இல்லை என்றார். பாட்டிலை உதட்டில் வைத்துவிட்டுக் கீழே ஊற்றலாமே என்றேன். "அது என் கையிலயா இருக்கு? எறங்கினப்புறம் நான் ஏது?" என்று என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அண்ணியைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படிச் சொல்லாத பாப்பா, சாமிக்குத்தம் ஆயிடும். ஒன் நாக்குலேர்ந்து வரலாமா இது?" என்றாள்.

பெரம்பலூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லலாம். சொன்னால் அன்றைக்கே சீட்டுப் போய்விடும், என் கட்சிக்காரரை நானே காட்டிக் கொடுத்தவளாவேன். எஸ்.ஐ.யிடம் சொல்லலாம். கோர்ட்டில் அவரை அந்தப் பாடு படுத்திவிட்டு எந்த முகத்தோடு போவது? போனால்தான் என்ன என்றும் தோன்றியது. வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிற எல்.கே.ஜி. பிள்ளைகளின் முகம் வந்து வந்து போனது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

கடைசியில் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. மேல்முறையீடு. அண்ணன் என் பேச்சைக் கேட்கமாட்டார், அண்ணி கேட்கமாட்டாள். முனி சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். முனியிடமே உத்தரவு வாங்குவது என்று முடிவு செய்தேன்.

படையல் அன்று சாயங்காலம் கரையில் நல்ல கூட்டம். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் குலசாமி சொந்தமில்லை. விருந்தாளிபோல் ஓரமாக நிற்கலாம், குறி கேட்க வரிசையில் நிற்கிற வழக்கமில்லை. நான் நின்றேன். ஒன்றுவிட்ட சித்தப்பா முறைத்தார். நம்ம வக்கீலம்மா, கேஸை ஜெயித்துக் கொடுத்தவள், நிற்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். கல்லுக்கு முன்னால் லேமினேஷன் போட்ட தீர்ப்பு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிப் பாட்டில்கள்.

உடுக்கை ஏறியது. அண்ணன் உடம்பு உதறி விறைத்தது. என்னதான் படித்திருந்தாலும் அந்த நேரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறியும். அன்றும் அப்படித்தான் ஆனது. இது என் அண்ணன் இல்லை என்று உடம்பு நம்பியது.

முதல் பாட்டிலைச் சாமி எடுப்பதற்கு முன்பு நான் போய்க் காலில் விழுந்தேன்.

"கேளு மவளே" என்றது சாமி.

"சாமி, நாளைக்கு உன் புள்ள வண்டி எடுக்கக் கூடாது. நீ உத்தரவு போடணும். ஒருநாள் மட்டும் போதும்."

உடுக்கை நின்றது. சாமி குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கண்ணில் கருவிழியே தெரியவில்லை.

"எதுக்கு எடுக்கக் கூடாது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சபையில நீ பேசினியே மவளே, என் புள்ளைக்காக. அது நெசமா, பொய்யா?"

பங்காளிகள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். அண்ணி கையைக் கூப்பிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். பொய் என்றால் அண்ணன் குடிகாரர், முனி வெறும் கல். நெசம் என்றால் நாளைக்கு வண்டி எடுக்கலாம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு வாய் திறக்காமல் இருக்க உரிமை உண்டு, அதை வைத்து அவனைக் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. அது கோர்ட்டில். இங்கே நான் வாய் திறக்காமல் நின்றதை எல்லாரும் 'நெசம்' என்று எடுத்துக்கொண்டார்கள்.

"என் புள்ளைய நான் பாத்துக்குவேன்" என்று சாமி சிரித்தது. திருநீற்றை அள்ளி என் தலையில் போட்டது. குலவைச் சத்தம் எழுந்தது. பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடித்தது. அடுத்ததையும் எடுத்தது. எந்த வீட்டுப் பாட்டிலையும் ஒதுக்கவில்லை.

நான் பெரம்பலூருக்குத் திரும்பவில்லை. விடிகிற நேரத்தில் வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அண்ணன் குளித்து, திருநீறு பூசி, சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நடை ஒரு பக்கமாக இழுத்தது. பக்கத்தில் வந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. சாவியைக் கதவில் நுழைக்க இரண்டு மூன்று முறை தடுமாறினார்.

"நவுரு பாப்பா. நேரமாவுது."

"நீ குடிச்சிருக்கண்ணே."

"காலங்காத்தால வெளையாடாத."

"போன வருசமும் நீதான் குடிச்ச. நான் பாத்தேன். ஒன் ரத்தத்துல இருந்தது பஞ்சுலேர்ந்து வந்தது இல்ல. பஞ்சுலேர்ந்து அவ்வளவு வராது. ஒன் வாய் வழியா போனதுதான் அது."

"கோர்ட்டே சொல்லிடுச்சே."

"நிரூபிக்க முடியலன்னுதான் கோர்ட் சொன்னுச்சு. நீ குடிக்கலன்னு கோர்ட்டும் சொல்லல, நானும் ஒரு நாளும் சொல்லல."

சொல்லிவிட்டேன். அவர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. கையை முகத்துக்கு முன்னால் குவித்து ஊதி, முகர்ந்து பார்த்தார். மறுபடியும் ஊதி முகர்ந்தார். பிறகு வேன் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப இத்தன வருசமா ஆடினது யாரு பாப்பா?"

எனக்குத் தெரியாது என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. அண்ணி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். முதல் ஸ்டாப்பில் ஏறுகிற பிள்ளையின் அம்மா. "வண்டி இன்னும் வரலியேங்க, புள்ள ரோட்டுலயே நிக்குது" என்றாள்.

"அண்ணனுக்கு ஒடம்பு முடியலங்க. இன்னிக்கு ஒருநாள் நீங்களே…" என்று தொடங்கினேன்.

அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் குடிச்சிருக்கேன். புள்ளைய பஸ்ல அனுப்பி வுடுங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். "ஆமாம்மா, போன வருசமும்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அய்யோ, அவரு வாய மூடு பாப்பா, போன புடுங்கு!" என்று என்னை உலுக்கினாள். அதற்குள் அவர் அடுத்த ஸ்டாப்பின் நம்பரைப் போட்டுவிட்டிருந்தார். பிள்ளைகள் ஏறுகிற வரிசையிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் பேசினார். ஒரு வீட்டையும் விடவில்லை.